சூடிக் கொடுத்த சொற்கள்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், மலையடிவாரத்தை ஒட்டி, மதுரையிலிருந்து தென்காசி வழியாகக் கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்துள்ள ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஆகிய இரண்டு ஊர்களின் பெயர்ப்பலகைகளிலும் தமிழ் நெடுங்கணக்கில் இடம்பெறாத எழுத்து ஒவ்வொன்று இருக்கிறது. முன்னதில் ‘ஸ்ரீ’, பின்னதில் ‘ஜ’. இவ்விரண்டும் கிரந்த எழுத்துகள். அதாவது, வடமொழி ஒலிகளைத் தென்னாட்டில் எழுதுவதற்கென்று பல்லவர் காலம் தொட்டு வழங்கிவந்த எழுத்துமுறையைச் சேர்ந்தவை. ஊர்ப்பெயரில் ஓர் எழுத்து எப்படி வந்தது என்று தேடத் தொடங்கினால், தமிழும் தெலுங்கும் வடமொழியும் இந்தச் சிறு நிலப்பரப்பில் ஒன்றையொன்று எப்படித் தொட்டுத் துலங்கின என்ற நீண்ட வரலாறு படிப்படியாகத் திறக்கிறது.

வடமொழிச் சொல்லைத் தமிழில் எடுத்தாளும்போது வட எழுத்தை விலக்கித் தமிழ் எழுத்தால் எழுதவேண்டும் என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ‘ர’ என்னும் எழுத்து தமிழ்ச் சொல்லின் முதலில் வாராது என்பதால், அவ்வாறு தொடங்கும் வடசொற்களின் முன் அ, இ, உ ஆகிய குறில்களில் ஒன்று வந்து சேரும் என்று விளக்கியது. ரங்கம் அரங்கமானதும், ராமன் இராமன் ஆனதும், ரோமம் உரோமம் ஆனதும் இந்த விதியால்தான். இதன்படி ராஜபாளையம் முழுமையாகத் தமிழ் உருவம் பெற்றால் இராசபாளையம் என்றாகும். ஆனால் நூல்களிலும் அறிவிப்புகளிலும் பரவலாகக் காணப்படும் ‘இராஜபாளையம்’ என்ற வடிவமோ, முதலெழுத்துக்கு நன்னூலைக் கேட்டு, அடுத்த எழுத்துக்கு அதைக் கேளாமல் விட்ட வடிவம். பிழை என்று இதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. மக்கள் நாவும் இலக்கண நூலும் ஓர் உடன்பாட்டுக்கு வந்த இடம் அது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இந்தச் சிக்கல் வேறு வகையில் தீர்ந்தது. ‘ஸ்ரீ’ என்பதை எழுத்து மாற்றித் தமிழாக்காமல், பொருள் ஒத்த ‘திரு’ என்னும் சொல்லையே அதன் இடத்தில் வைத்துத் திருவில்லிபுத்தூர் என்று எழுதுவது ஒரு மரபு. வில்லி என்பது இந்த ஊரை உண்டாக்கிய வேடர் தலைவனின் பெயர் என்றும், மல்லி என்னும் அரசியின் மக்களான வில்லி, கண்டன் ஆகிய இருவருள் கண்டன் வேட்டையில் புலியால் மாண்டான் என்றும், தேடிச் சென்ற வில்லியே பின்னர் காட்டைத் திருத்தி ஊராக்கினான் என்றும் தலவரலாறு கூறும். தலவரலாற்றை வரலாறாகக் கொள்ள முடியாது. எனினும் அந்த அரசியின் பெயரைத் தாங்கிய மல்லி என்னும் ஊர் இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் சிவகாசிக்கும் இடையே இருக்கிறது என்பதும், இந்தச் சுற்றுவட்டாரம் மல்லி நாடு என்று வைணவ நூல்களில் குறிக்கப்படுகிறது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கவை.

‘புத்தூர்’ என்ற பகுதிக்குப் புற்று இருந்த ஊர் என்று சிலரும், புதிய ஊர் என்று சிலரும் பொருள் உரைப்பர். இந்த இரண்டில் ஒன்றைத் தேர்வதற்கு ஆழ்வார் பாடல்களே உதவுகின்றன. பதிகத்தின் இறுதிப் பாடலில் பாடியவர் தம் பெயரையும் ஊரையும் சொல்லி, அப்பாடல்களைப் பாடுவதால் வரும் பயனையும் கூறி முடிப்பது பக்தி இலக்கிய வழக்கம். இதற்குப் பலச்சுருதி என்று பெயர். பெரியாழ்வார் தம் பலச்சுருதிகளில் பல இடங்களில் தம் ஊரைப் ‘புதுவை’ என்றே குறிக்கிறார். தஞ்சாவூர் தஞ்சையாகவும், கோயம்புத்தூர் கோவையாகவும் சுருங்குவது போலச் சொல் சிதைந்து மருவி நிற்பதை இலக்கணத்தார் மரூஉ என்பர். ‘புதுவை’ என்ற அந்த மரூஉ, புதிய ஊர் என்ற பொருளின் பக்கமே சாய்கிறது. இன்றைய வாசகர் புதுவை என்றதும் புதுச்சேரியை நினைப்பது இயல்பு. ஆனால் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அந்தப் பெயர் மதுரைக்குத் தெற்கே ஓர் ஊருக்கு உரியதாக இருந்தது.

அதே பாடல்களில் அவர் தம் பெயரை விட்டுசித்தன் என்று எழுதுகிறார். விஷ்ணுவைச் சித்தத்தில் உடையவன் என்னும் பொருள் தரும் விஷ்ணுசித்தன் என்ற வடமொழிப் பெயர்தான் அவ்வாறு ஒலி மாறியது. வேதம் ஓதிய குடியில் பிறந்தவர், வடமொழி அறிந்தவர், தம் பெயரைத் தமிழ்ப் பாட்டுக்குள் வைக்கும்போது மட்டும் தமிழின் ஒலி ஒழுங்குக்கு அதை ஒப்புக்கொடுத்தார் என்பது சிறிய செய்தி அன்று. எந்த அரசாணையும் இல்லாமல், எவரையும் இகழாமல், மொழியின் மீதான மதிப்பால் மட்டுமே நிகழ்ந்த மாற்றம் அது.

இந்த ஊரின் பெயரையே தம் பெயராகக் கொண்ட இன்னொரு புலவர் வில்லிபுத்தூரார். மகாபாரதக் கதையை நான்காயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தப்பாக்களில் பாடிய இவரது நூல் வில்லிபாரதம் என்று வழங்குகிறது. பெயரைக் கொண்டு இவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் என்று எண்ணுவோர் பலர். இவர் பிறந்தது திருமுனைப்பாடி நாட்டுச் சனியூர். ஆதரித்தவர் வக்கபாகை என்னும் ஊரின் தலைவரான வரபதி ஆட்கொண்டான். பெரியாழ்வார் மீது கொண்ட பற்றால் அவரது பெயர்களுள் ஒன்றான வில்லிபுத்தூரார் என்பதைக் குழந்தைக்குப் பெற்றோர் சூட்டினர் என்பதே இப்பெயரின் வரலாறு. ஓர் ஊரின் பெயர், அவ்வூரைச் சேர்ந்த ஒருவரின் பெயராகி, அதன் பின் வேறு நாட்டில் பிறந்த ஒரு குழந்தையின் பெயராகி, முடிவில் ஒரு காப்பியத்தின் பெயராயிற்று.

ராஜபாளையத்தின் பெயர் வேறு திசையிலிருந்து வந்தது. பாளையம் என்றால் படை தங்கும் இடம். 16-ஆம் நூற்றாண்டில் மதுரையில் விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு தலைவரிடம் ஒப்படைத்தபோது, அச்சொல் படைமுகாம் என்ற பொருளிலிருந்து ஆட்சிப் பிரிவு என்ற பொருளுக்கு விரிந்தது. பாளையத்தைக் காப்பவர் பாளையக்காரர் ஆனார். சேத்தூர், சிவகிரி ஆகிய பாளையங்கள் ராஜபாளையத்தின் தெற்கே அமைந்தவை. ஆயினும் இந்த ஊரின் பெயரில் உள்ள ராஜா, அரியணையில் இருந்த ஓர் அரசரைக் குறிப்பதன்று; விஜயநகரப் படைகளோடும் நாயக்கர் ஆட்சியோடும் ஆந்திரப் பகுதியிலிருந்து தெற்கே வந்து இங்கு நிலைகொண்ட ராஜுக்கள் என்னும் சமூகத்தாரைக் குறிப்பது. வீட்டுக்குள் தெலுங்கும் வெளியில் தமிழுமாகப் பேசி வாழும் அவர்கள் பல தலைமுறைகளாக இரண்டு மொழிகளையும் தாய்மொழி போலவே கையாண்டு வருகின்றனர்.

இந்த இருமொழி வாழ்வின் அடையாளத்தை ஒருவரது பெயரின் தலைப்பெழுத்திலேயே காணலாம். தமிழ்நாட்டில் பெயருக்கு முன் வரும் எழுத்து பெரும்பாலும் தந்தையின் பெயரைக் குறிக்கும். முன்பெல்லாம் ஊரையும் குறிக்கும். தெலுங்கு மரபில் அந்த இடத்தில் நிற்பது ‘இண்டி பேரு’, அதாவது வீட்டுப் பெயர். தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பக் கிளைக்கு உரிமையாக வருவது அது. ராஜபாளையத்தில் பிறந்து, சென்னை மாகாணத்தின் முதல்வராக 1949 ஏப்ரல் முதல் 1952 ஏப்ரல் வரை பணியாற்றிய பூ. ச. குமாரசாமி ராஜாவின் பெயரில் உள்ள ‘பூ’ என்பது பூசபாடி என்னும் வீட்டுப் பெயர். ‘ச’ என்பது சஞ்சீவி. ஆந்திரத்தின் விஜயநகரம் சமஸ்தானத்தை ஆண்ட குடும்பத்தின் வீட்டுப் பெயரும் பூசபாடி என்பதே. 1950-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் இந்தியா குடியரசானபோது இந்த மாநிலத்தின் முதல்வராக இருந்தவர் அவரே. பின்னர் ஒரிசாவின் ஆளுநராகவும் இருந்த அவர், ராஜபாளையத்தில் இருந்த தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு நன்கொடையாக வழங்கியவர்.

அவர் பதவியேற்ற அதே 1949-ஆம் ஆண்டைச் சேர்ந்ததுதான் தமிழ்நாட்டு அரசின் கோபுர இலச்சினையும். மதுரையைச் சேர்ந்த ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் வடிவமைத்த அதில் உள்ள கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்திரசாயி கோயிலின் இராசகோபுரம் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேலைக் கோபுரமே அது என்ற கருத்தும் உண்டு. எவ்வாறாயினும், 11 நிலைகளும் ஏறத்தாழ 190 அடி உயரமும் கொண்டு, சுதைச் சிற்பங்களின் நெரிசல் இல்லாமல், கட்டட அமைப்பின் அழகை மட்டுமே நம்பி நிற்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தைத் தொலைவிலிருந்து ஒரு முறை பார்த்தவர்கள், இலச்சினையைக் காணும்போதெல்லாம் அதையே நினைப்பார்கள்.

ஊருக்குப் புகழ் தரும் வேறு சில பெயர்களிலும் இந்தக் கலப்பு உண்டு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் ‘பால்’ தமிழ். ‘கோவா’, பாலைச் சுண்டக் காய்ச்சித் திரட்டியதற்கு வடநாட்டில் வழங்கும் சொல். இதே பண்டத்துக்குத் திரட்டுப்பால் என்ற தமிழ்ப் பெயர் உண்டு. வீடுகளில் அது இன்றும் வாழ்கிறது, கடைவீதியில் பால்கோவா வென்றுவிட்டது. ராஜபாளையத்தின் பெயரோ ஒரு நாயினத்துக்கே பெயராகிவிட்டது. வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட அந்த வேட்டை நாய்க்கு 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை, முதோல், ராம்பூர், இமயமலை ஆட்டு நாய் ஆகிய இனங்களுடன் சேர்த்து அஞ்சல்தலை வெளியிட்டது.

தெலுங்குச் சொற்கள் ராஜுக்களின் வீடுகளுக்குள் மட்டும் நின்றுவிடவில்லை. பண்டிகை, வேடிக்கை, வாடிக்கை, ரவிக்கை, சொக்காய் ஆகிய சொற்கள் தெலுங்கின் பண்டுக, வேடுக, வாடிக, ரவிக, சொக்காய என்பவற்றிலிருந்து வந்தவை எனச் சொல்லாய்வாளர் காட்டுவர். பொங்கலைப் பண்டிகை என்று அழைக்கும் எந்தத் தமிழரும் அப்போது தெலுங்கு பேசுவதாக நினைப்பதில்லை. நினைக்கத் தேவையும் இல்லை. கடன் வாங்கிய சொல் ஒரு மொழியைத் தாழ்த்துகிறது என்ற அச்சம், அந்த மொழியின் செரிக்கும் ஆற்றலில் நம்பிக்கை குறைந்தோருக்கே வரும். விட்டுசித்தன் என்று தம் பெயரை எழுதியவருக்கு அந்த நம்பிக்கை இருந்தது.

தமிழும் தெலுங்கும் இந்த இரு ஊர்களுக்கிடையே கொடுத்தும் வாங்கியும் வாழ்ந்ததன் உச்சம் ஒரு பெண்ணின் கதையில் இருக்கிறது. பெரியாழ்வாரின் திருமகளாகத் துளசித் தோட்டத்தில் கண்டெடுக்கப்பட்டவர் என்று வைணவ மரபு போற்றும் ஆண்டாள், தம் பாடல்களில் தம்மை ஆண்டாள் என்று சொல்லிக்கொள்ளவில்லை. கோதை என்றே சொல்கிறார். கோதை என்றால் தமிழில் பூமாலை. 30 பாடல்கள் கொண்ட திருப்பாவையையும் 143 பாடல்கள் கொண்ட நாச்சியார் திருமொழியையும் பாடிய அவர், தம் பாடல் தொகுதியையே மாலை என்று குறித்தார். பூவைத் தொடுத்தாலும் மாலை, பாவைத் தொடுத்தாலும் மாலை என்பது தமிழில் இயல்பாக அமைந்த ஒரு நயம்; அந்த நயம் ஒரு கவிஞரின் பெயராகவும் அமைந்தது தமிழ் இலக்கியத்தின் நற்பேறு.

அவருடைய காலத்தை அறியவும் பாடலே சான்றாயிற்று. திருப்பாவையின் 13-ஆம் பாடலில், விடியலில் வெள்ளிக்கோள் எழுவதும் வியாழக்கோள் மறைவதும் குறிக்கப்படுகின்றன. மார்கழியில் இவை இரண்டும் இவ்வாறு நிகழக்கூடிய ஆண்டு எது என்று கணித்து, அறிஞர் மு. இராகவையங்கார் கி.பி. 731-ஆம் ஆண்டைச் சுட்டினார். இத்தகைய கோள்நிலை ஒரு முறை மட்டும் அமைவதன்று. ஆகவே 9-ஆம் நூற்றாண்டைச் சொல்வோரும் உளர். ஆனாலும், தோழியை எழுப்பும் ஒரு பாட்டு வானியல் கணக்குக்கு இடம் கொடுத்தது என்பதே, பாடியவர் வானத்தை எவ்வளவு கவனமாகப் பார்த்திருந்தார் என்பதைக் காட்டுகிறது.

திருப்பாவை சென்ற தொலைவும் வியப்புக்குரியது. தாய்லாந்தின் தலைநகர் பாங்காக்கில், வாட் சுதாத் என்னும் பௌத்தக் கோயிலின் முன்னே, 1784-இல் முதலாம் இராமர் காலத்தில் அமைக்கப்பட்ட மாபெரும் ஊஞ்சல் நிற்கிறது. அங்குள்ள அரண்மனை அந்தணர் டிசம்பர், சனவரி மாதங்களை ஒட்டி நடத்தும் விழாவுக்குத் ‘திரியம்பவாய்’, ‘திரிபவாய்’ என்று பெயர். முன்னது சிவனுக்கும் பின்னது திருமாலுக்கும் உரியது. திருவெம்பாவை, திருப்பாவை என்னும் பெயர்களே தாய்லாந்து மக்களின் நாவில் அவ்வாறு உருமாறின. ஊஞ்சலாடும் சடங்கு 1935-இல் நின்றுபோயிற்று. விழாவின் பெயர் நிற்கவில்லை. தமிழகத்துக்கும் தென்கிழக்காசியாவுக்கும் இருந்த பண்பாட்டுத் தொடர்பை ஆராய்ந்த தனிநாயகம் அடிகள் இந்தச் செய்தியைத் தமிழர் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர்.

உள்ளூரில் அந்தப் பாடல்கள் வாழும் வடிவங்களில் ஒன்று அரையர் சேவை. அரையர் என்பது அரசர் என்று பொருள்படும் சொல். தலையில் கூம்பு வடிவக் குல்லாய் அணிந்து, கையில் தாளத்தை ஏந்தி, ஆழ்வார் பாசுரத்தை இசையோடு பாடி, அதன் பொருளைக் கை மெய் அசைவால் அபிநயித்து, வழிவழியாக வந்த உரையையும் சொல்வது அரையரின் பணி. ஆழ்வார் பாசுரங்கள் நாலாயிரத்தையும் தேடித் தொகுத்த நாதமுனிகள் தம் மருமக்களுக்குப் பயிற்றியதே இந்தக் கலையின் தொடக்கம் என்பர். ஒரு காலத்தில் பல தலங்களில் இருந்த இது, இன்று தமிழ்நாட்டில் திருவரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இடங்களிலும், கர்நாடகத்தின் மேல்கோட்டையிலும் மட்டுமே எஞ்சியிருக்கிறது. ஒருசில குடும்பங்களின் நினைவாற்றலை மட்டுமே நம்பி இயங்கும் கலை என்பதால், அதைக் காண வாய்ப்புள்ளோர் மார்கழியில் ஒரு நாளாவது சென்று காண்பது நல்லது.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் நாள்தோறும் தோன்றி மறையும் இன்னொரு கலைப்பொருள் ஆண்டாளின் இடக்கையில் அமரும் கிளி. உலோகத்தால் ஆனதன்று, ஒவ்வொரு நாளும் இலையும் பூவும் கொண்டு புதிதாகக் கட்டப்படுவது. அலகுக்கு மாதுளம்பூ, உடலுக்கு மரவள்ளிச் செடியின் இலை, சிறகுக்கு நந்தியாவட்டை இலையும் பனையோலையும், வாலுக்கு வெள்ளரளியும் செவ்வரளியும், கண்ணுக்குக் காக்காய்ப்பொன், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட வாழை நார். கைவினைஞரின் விரல்களுக்குள் இலைகள் மடிந்து மடிந்து ஒன்றன்மேல் ஒன்று அமரும்போது பச்சை நிறம் தானாகவே இறகின் அடுக்காக மாறுகிறது. மாலையில் அமரும் கிளி மறுநாள் பிரசாதமாகி விடுவதால், அடுத்த நாளுக்கு வேறு கிளி வேண்டும். கல்லிலும் செம்பிலும் நிலைத்து நிற்கும் கலைகளுக்கே வரலாற்று நூல்கள் பக்கம் ஒதுக்குகின்றன. வாடுவதற்கென்றே செய்யப்பட்டு, வாடியதும் மீண்டும் செய்யப்படும் இந்தக் கிளியும் அத்தகைய பக்கத்துக்கு உரியதே.

இறைவனுக்கென்று தந்தை கட்டிய மாலையைக் கோதை தான் முதலில் சூடிப் பார்த்து, பின்பு கொடுத்தனுப்பினாள் என்பது கதை. அதனால் வந்த பெயர் ‘சூடிக்கொடுத்தவள்’. 1509 முதல் 1529 வரை விஜயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயர் இந்தக் கதையைத் தெலுங்கில் பெருங்காப்பியமாகப் பாடினார். அதன் பெயர் ‘ஆமுக்தமால்யத’. தான் சூடிய மாலையைத் தருபவள் என்று பொருள். தமிழ்ப் பெயரின் நேர் வடிவம் அது. கலிங்கப் போருக்குச் செல்லும் வழியில், கிருஷ்ணை ஆற்றங்கரையில் உள்ள ஸ்ரீகாகுளம் என்னும் ஊரில் தங்கியபோது ஆந்திர மகாவிஷ்ணு கனவில் தோன்றிக் கோதையுடனான தம் திருமணக் கதையைத் தெலுங்கில் பாடும்படி பணித்ததாக அரசர் நூலின் தொடக்கத்தில் கூறுகிறார். நாட்டு மொழிகளுள் தெலுங்கே சிறந்தது என்னும் புகழ்பெற்ற கூற்று அந்தக் கனவில் இறைவன் வாயிலாக வருவது. தெலுங்கர் தம் மொழியின் பெருமைக்கு எடுத்துக்காட்டும் அந்தச் செய்யுள், தமிழ்ப் பெண் ஒருத்தியின் கதைக்கு வாயிலாக அமைந்திருக்கிறது. தம் மொழியைப் போற்றுவதும் பிறமொழியின் கவிஞரைத் தொழுவதும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

காப்பியத்தின் முதல் பகுதியிலேயே வில்லிபுத்தூர் விரிகிறது. அங்கே ஒரு செய்யுளில், கால்வாய் ஓரத்தில் தலையைச் சிறகுக்குள் புதைத்து உறங்கும் வாத்துகள், வைகறையில் நீராடிய அந்தணர் துவைத்துப் பிழிந்து மறந்துவிட்டுப் போன வெள்ளாடைச் சுருள்கள் போலக் கிடக்கின்றன. ஊர்க் காவலர், ஆடைகளை உரியவரிடம் சேர்க்க எண்ணி நீரில் இறங்கிக் கை நீட்ட, சுருள்கள் சிறகடித்து ஓடுகின்றன. நெல்வயலில் காவல் இருக்கும் பெண்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பேரரசின் தலைவர் ஒருவர், படையெடுப்புகளுக்கு இடையே, ஒரு சிற்றூரின் கால்வாய் வாத்துகளை இவ்வளவு நெருங்கிப் பார்த்திருக்கிறார். அரசியல் அறிவுரைகளும், திருக்குறுங்குடி நம்பியைப் பாடிய தாழ்த்தப்பட்ட குலத்து அடியாரின் கதையும் இந்நூலில் உண்டு; தெலுங்கின் ஐந்து பெருங்காப்பியங்களுள் ஒன்றாக அதை வைத்துப் போற்றுகின்றனர். எனினும் வில்லிபுத்தூரைச் சேர்ந்த வாசகர் மனத்தில் முதலில் தங்கப்போவது அந்த வாத்துகளே.

ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் தெலுங்கில் இருந்த இந்தக் கதை தமிழுக்குத் திரும்பிய வழிதான் இந்த இரண்டு ஊர்களின் வரலாற்றில் மிக அழகியது. அதை மொழிபெயர்த்தவர் சென்னையிலோ ஐதராபாத்திலோ இருந்தவர் அல்லர். பக்கத்து ஊரான ராஜபாளையத்தைச் சேர்ந்த மு. கு. ஜகந்நாத ராஜா. 1933-இல் பிறந்து 2008-இல் மறைந்த இவர், வீட்டு மொழியான தெலுங்கும் ஊர் மொழியான தமிழும் மட்டுமன்றி, வடமொழி, பிராகிருதம், பாலி முதலிய மொழிகளிலும் புலமை பெற்றுப் பன்மொழிப் புலவர் என்று போற்றப்பட்டவர். ஆமுக்தமால்யத காப்பியத்தின் தமிழாக்கத்துக்காக இவருக்குச் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது. ஹாலன் என்னும் சாதவாகன மன்னன் தொகுத்த பிராகிருத அகப்பாடல்களான காதா சப்த சதியையும் இவர் தமிழில் தந்தார். தமிழர் தமக்கே உரியது என்று எண்ணும் அகமரபுக்கு நெருங்கிய உறவுகள் வடக்கேயும் இருந்தன என்ற இலக்கிய வரலாற்று உண்மையை அந்த ஒரு நூலே வாசகருக்குச் சொல்லிவிடுகிறது. திருக்குறளையும் பிற தமிழ் நூல்களையும் தெலுங்குக்குக் கொண்டு சென்றவரும் இவரே.

வில்லிபுத்தூரில் பிறந்த பாட்டு, விஜயநகரத்தில் காப்பியமாகி, ராஜபாளையத்தில் மீண்டும் தமிழானது. தெலுங்கில் சிந்திக்கவும் தமிழில் எழுதவும் தெரிந்த ஒருவர் அந்தக் காப்பியத்தின் ஊருக்கு மிக அருகிலேயே வாழ்ந்ததும், ராஜுக்கள் தெற்கே வந்து இந்த மலையடிவாரத்தில் தங்கியதன் விளைவே. படை தங்க வந்த பாளையத்தில் மொழி தங்கியது. ஜகந்நாத ராஜாவின் மொழிபெயர்ப்புகள் எளிதில் கிடைக்கும் பதிப்புகளாக மீண்டும் வெளிவரவேண்டும். குறைந்தது இந்த இரண்டு ஊர்களின் பள்ளி நூலகங்களிலாவது அவை இருக்கவேண்டும். ஆண்டாளையும் கிருஷ்ணதேவராயரையும் வெவ்வேறு பாடங்களில் படிக்கும் மாணவருக்கு, இருவரையும் ஒரே ஏட்டில் இணைத்தவர் தம் ஊர்க்காரர் என்று தெரிவது பெரும் ஊக்கமாக அமையும்.

ஆண்டாள் சூடிய மாலை இன்றும் வெளியூர் செல்கிறது. சித்திரையில் வைகையில் இறங்கும் அழகருக்காக மதுரைக்கும், புரட்டாசிப் பிரம்மோற்சவத்தின் கருடசேவைக்காகத் திருமலைக்கும் அது கொண்டு செல்லப்படுகிறது. திருமலைக் கோயிலின் பெருவாயிலைக் கடந்ததும் உள்ள மண்டபத்தில், திருமலாதேவி, சின்னாதேவி ஆகிய இரு அரசியருடன் கைகூப்பியபடி கிருஷ்ணதேவராயரின் செப்புச் சிலை நிற்கிறது.